தான்சானியாவில் தங்கச் சுரங்கத் திட்டம்: நிபுணர் ஆலோசகரை அமர்த்துவோருக்கு ஒரு வழிகாட்டி

தார் எஸ் சலாமில் இயந்திர உதிரிபாக வியாபாரம் செய்துவரும் நானும் என் இரு கூட்டாளிகளும், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே கெய்ட்டா பகுதியில் ஒருவர் வைத்திருந்த தங்க ஆய்வு உரிமத்தில் பங்கு வாங்கலாமா என்று முடிவெடுக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏழு மாதங்கள் வீணாயின. நாங்கள் முதலில் அமர்த்திய ஆலோசனை நிறுவனம் வண்ண வரைபடங்களுடன் அறுபது பக்க அறிக்கை தந்தது. பணம் போட முன்வந்தவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார்; கையெழுத்திட்டவர் எந்தத் தொழில்முறை அமைப்பிலும் உறுப்பினராக இல்லை என்பதைக் காட்டி, அறிக்கையை அப்படியே திருப்பித் தந்துவிட்டார். இரண்டாவது முறை வேலையைச் சரியான வரிசையில் செய்தோம், செலவும் குறைந்தது. ஆலோசகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேலையின் வரிசை தவறினால் பணம் போய்விடும் என்பதால், அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன். ஆப்பிரிக்காவின் பிற நாடுகளுக்கும் இதில் பல செய்திகள் பொருந்தும். ஆனால் சட்ட விவரங்கள் தான்சானியாவுக்கு மட்டுமே உரியவை.

1. ஆலோசகரைத் தேடுவதற்கு முன் உரிமத்தைச் சரிபாருங்கள்

நிலவியலாளருக்கு ஒரு டாலர் கொடுப்பதற்கு முன், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் உரிமத்தை ஒப்படையுங்கள். டோடோமாவைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்க ஆணையம் உரிமங்களின் இணைய வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. உரிம எண், உரிமையாளர், எல்லை, காலாவதி நாள் ஆகியவற்றை அதிலேயே பார்க்கலாம். ஆயினும் அது போதாது; ஆணையத்திடம் எழுத்துப்பூர்வமான தேடல் அறிக்கை கேட்டு வாங்குங்கள். ஆண்டு வாடகை பாக்கி, முந்தைய அறிவிக்கைகள், அடமானம், வேறொருவருடன் பதிவான ஒப்பந்தம் ஆகியவை இணைய வரைபடத்தில் தெரியாமல் போகலாம்.

உரிமத்தின் வகை மிக முக்கியம். சிறு சுரங்கங்களுக்கான முதன்மைச் சுரங்க உரிமம் தான்சானியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. தங்கத்துக்கு அதன் பரப்பு அதிகபட்சம் 10 ஹெக்டேர். வெளிநாட்டவர் அதில் பங்குதாரராக முடியாது. தொழில்நுட்ப உதவி அளிப்பவராக, ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற ஒப்பந்தத்தின் பேரில் மட்டுமே உள்ளே வரலாம். “பங்கு எழுதித் தருகிறேன்” என்று அத்தகைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எங்களுக்கு முதல் மூன்று மாதங்களில் காட்டப்பட்ட ஐந்து இடங்களில் நான்கு இந்த வகையைச் சேர்ந்தவை.

நீங்கள் தேடவேண்டியது ஆய்வு உரிமம், அதாவது தங்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கத் தரும் உரிமம். அது முதலில் 4 ஆண்டுகளுக்கும், முதல் புதுப்பிப்பில் 3 ஆண்டுகளுக்கும், இரண்டாவது புதுப்பிப்பில் 2 ஆண்டுகளுக்கும் தரப்படுகிறது. புதுப்பிக்கும்போது பரப்பில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டாவது புதுப்பிப்பில் இருக்கும் உரிமத்தை வாங்குபவர், எஞ்சியிருக்கும் மாதங்களுக்குள் துளையிட்டு, சுரங்கம் லாபம் தருமா என்று பார்க்கும் சாத்தியக்கூற்று ஆய்வை முடித்து, சுரங்க உரிமத்துக்கு விண்ணப்பித்தாக வேண்டும். பெரும்பாலும் அது நடக்காது. ஆண்டு வாடகையாக எங்களிடம் கேட்கப்பட்டது சதுர கிலோமீட்டருக்கு 100 டாலர். புதுப்பிக்கப்புதுப்பிக்க அது உயரும். கட்டணங்கள் மாறுவதால், பணம் கட்டும் ஆண்டின் விதிமுறையைப் பார்த்தே கணக்கிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தங்கக் கட்டியையோ தங்கத் தூளையோ காட்டி, “சுரங்கத்திலிருந்து வந்தது, முன்பணம் கொடுத்தால் தொடர்ந்து அனுப்புகிறோம்” என்று யாராவது பேசினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்த மோசடியில் சேமிப்பை முழுவதும் இழந்தவர்கள் பலர்.

2. எந்த நிபுணர், எந்தக் கட்டத்தில்

“சுரங்க ஆலோசகர்” என்று தனியாக ஒருவர் இல்லை. களத்தில் இறங்கிப் பாறையைப் பார்த்து மாதிரி எடுக்கும் நிலவியலாளர் வேறு; துளைத் தரவுகளை வைத்துக் கனிம வளத்தைக் கணக்கிடுபவர் வேறு; தாதுவிலிருந்து தங்கம் எவ்வளவு மீளும் என்று சோதிக்கும் உலோகவியலாளர் வேறு; சுரங்கத்தை வடிவமைக்கும் பொறியாளர் வேறு; சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்பவர் வேறு. ஒரே நிறுவனம் அனைத்தையும் செய்து தருவதாகச் சொன்னால், ஒவ்வொரு வேலைக்கும் யார் பெயரில் கையெழுத்து வரும் என்று கேளுங்கள். எங்கள் முதல் நிறுவனத்திடம் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

முதல் கட்டத்தில் உங்களுக்குத் தேவைப்படுபவர்கள் வழக்கறிஞரும் கள நிலவியலாளரும் மட்டுமே. உலோகவியலாளரையும் பொறியாளரையும் துளையிடலின் முடிவுகள் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சுரங்கத் துறையின் 2018ஆம் ஆண்டு உள்ளூர்ப் பங்களிப்பு விதிமுறைகள், சேவைகளை வாங்கும்போது தான்சானிய நிறுவனங்களுக்கு முன்னுரிமை கோருகின்றன. ஆகவே உள்ளூர் நிறுவனம் ஒன்று களவேலையைச் செய்ய, அறிக்கையில் கையெழுத்திடும் தகுதி பெற்றவர் வெளியிலிருந்து வந்து மேற்பார்வையிடுவது நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு. செலவும் கணிசமாகக் குறையும். ஏரிப்பகுதிப் பாறைகளை இருபது ஆண்டுகளாக நடந்து பார்த்த தான்சானிய நிலவியலாளர்கள் ம்வான்சாவிலும் கெய்ட்டாவிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

3. தகுதியை நீங்களே உறுதி செய்யுங்கள்

முதலீட்டாளர்கள் ஏற்கும் அறிக்கை ஏதேனும் ஒரு பன்னாட்டு நெறிமுறையின்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜோர்க், தென்னாப்பிரிக்காவின் சாம்ரெக், கனடாவின் என்.ஐ. 43-101 ஆகியவை ஆப்பிரிக்கத் திட்டங்களில் அடிக்கடி காணப்படுபவை. ஜோர்க் நெறிமுறையின் 2012 பதிப்பின்படி, அறிக்கைக்குப் பொறுப்பேற்பவர் அந்த வகைக் கனிமப் படிவிலும் அந்த வகை வேலையிலும் குறைந்தது 5 ஆண்டு அனுபவம் உள்ளவராகவும், அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறை அமைப்பின் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். நிலக்கரியில் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர், கிரீன்ஸ்டோன் என்ற பழம்பாறையில் நரம்பு போல ஓடும் தங்கப் படிவுக்குத் தகுதி பெற்றவர் ஆகமாட்டார்.

உறுப்பினர் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் நீங்களே தேடுங்கள். பத்து நிமிட வேலை இது. பிறகு அவர் கையெழுத்திட்ட பழைய அறிக்கைகள் இரண்டைக் கேளுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்காக எழுதியவை என்றால் அவை பொதுவெளியிலேயே கிடைக்கும். கடைசியாக, உரிமத்தை விற்பவருக்கும் இவருக்கும் என்ன உறவு என்று எழுத்தில் கேளுங்கள். விற்பவர் அறிமுகப்படுத்தும் ஆலோசகரை அமர்த்தாதீர்கள். “விற்பனை முடிந்தால் எனக்கு இத்தனை சதவீதம்” என்று கட்டணம் கேட்பவரும் வேண்டாம். இந்த உரிமத்தை வாங்க வேண்டாம் என்று அறிக்கை எழுத அவருக்கு மனம் வராது.

4. ஒப்பந்தம், கட்டணம், வரி

ஒப்பந்தத்தில் வேலையின் வரையறையைக் கூலிக்குச் செய்யும் வேலை போல எண்ணிக்கையோடு எழுதுங்கள்: களத்தில் எத்தனை நாள், எத்தனை மாதிரி, எத்தனை மீட்டர் அகழி, எந்த ஆய்வகம், எந்த நெறிமுறையில் அறிக்கை, யார் கையெழுத்து. “விரிவான நிலவியல் ஆய்வு” என்ற சொற்றொடர் இருந்தால் அடித்துவிடுங்கள். அதற்கு அளவு கிடையாது.

மூலத் தரவு முழுவதும் உங்களுக்கே சொந்தம் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். மாதிரிகளின் அமைவிடப் பட்டியல், களக் குறிப்பேட்டின் நகல், ஒளிப்படங்கள், ஆய்வகச் சான்றிதழ்கள், துளைப் பதிவுகள் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். ஆய்வகச் சான்றிதழ் ஆய்வகத்திலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு நேரடியாக வரவேண்டும் என்றும் எழுதுங்கள். கட்டணத்தை மூன்று தவணைகளாகப் பிரித்து, கடைசித் தவணையாக மொத்தக் கட்டணத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மூலத் தரவு கைக்கு வந்த பிறகே தருவது நல்லது. நாங்கள் முதல் நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தோம். தரவைக் கேட்டபோது அதற்குத் தனிக் கட்டணம் சொன்னார்கள்.

எங்களுக்கு வந்த விலைப்புள்ளிகளில் உள்ளூர்க் கள நிலவியலாளருக்கு நாளொன்றுக்கு 250 முதல் 400 டாலர் வரையும், வெளிநாட்டிலிருந்து வரும் தகுதி பெற்றவருக்கு 800 முதல் 1,200 டாலர் வரையும் இருந்தது. பயணம், தங்குமிடம், வாகனம் ஆகியவை தனி. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியின் வாடகையையும் டீசலையும் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. தான்சானியாவில் வசிக்காத ஆலோசகருக்கு நீங்கள் தரும் கட்டணத்தில் 15 சதவீதத்தையும், உள்ளூரில் வசிப்பவருக்கு 5 சதவீதத்தையும் பிடித்து வருவாய் ஆணையத்துக்குக் கட்ட வேண்டும். “என் கைக்கு 20,000 டாலர் வரவேண்டும்” என்று வெளிநாட்டு ஆலோசகர் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டுவிட்டால், உங்கள் உண்மைச் செலவு ஏறத்தாழ 23,530 டாலர். உள்ளூர் நிறுவனம் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்திருந்தால் 18 சதவீதம் கூடும். விலைப்புள்ளி வரிக்கு முன்பா பின்பா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து நிபுணரை வரவழைப்பதானால், வேலைக்கு வருபவருக்குச் சுற்றுலா விசா எடுக்காதீர்கள். வணிக விசாவும், வேலையின் தன்மையைப் பொறுத்துக் குறுகிய கால வேலை அனுமதியும் தேவைப்படும். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வருபவரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளுக்குப் பிறகே அது செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். முன்கூட்டியே நாள் கேட்டுவைக்க வேண்டும்.

5. களப் பயணமும் ஆயத்தொலைவுகளும்

பருவத்தைப் பார்த்து நாள் குறியுங்கள். ஏரிப்பகுதியில் மார்ச் முதல் மே வரை பெருமழை. ஆண்டின் கடைசி மாதங்களில் சிறுமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வண்டிகளும் துளைப்பொறிகளும் தடையின்றிப் போகும். உள்ளூரில் ம்புகா என்று சொல்லப்படும் கரிசல் தாழ்நிலம் மழையில் வண்டியை அச்சுவரை விழுங்கிவிடும். அந்த மண்ணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: அது வேறிடத்திலிருந்து வந்து படிந்தது. அடியில் தங்கம் இருந்தாலும் மேல்மண் மாதிரியில் தெரியாது. ம்புகா நிலத்தில் மேல்மண் மாதிரி எடுத்து “தங்கம் இல்லை” என்று எழுதிய அறிக்கையும் பயனற்றது, மாதிரிக்குக் கொடுத்த பணமும் வீண். அங்கே அடிப்பாறை வரை ஆழமில்லாத துளை போட்டே மாதிரி எடுக்க வேண்டும்.

இனி ஆயத்தொலைவு. இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வையுங்கள். தான்சானியாவில் உரிமங்களின் மூலைகள் ஆர்க் 1960 என்ற பழைய அளவை முறையில் குறிக்கப்பட்டுள்ளன. நம் கைபேசியும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியும் இயல்பாகக் காட்டுவது டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில். ஒரே எண்ணை இரண்டு முறைகளிலும் குறித்தால், தரையில் அவை வடக்கு தெற்காக ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி விழும். பத்து ஹெக்டேர் நிலம் சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கமே 316 மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எங்கள் முதல் ஆலோசகர் வெட்டிய இரண்டாம் அகழியின் ஓரத்தில் நின்றுகொண்டு, இரண்டாவதாக வந்த நிலவியலாளர் தம் கருவியில் அளவை முறையை மாற்றினார். திரையில் இருந்த புள்ளி உரிம எல்லையைத் தாண்டிப் பக்கத்து உரிமத்துக்குள் போய் உட்கார்ந்தது. அகழியின் அடியில் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஒரு முழ அகலத்தில், துருப்பிடித்த விளிம்புகளோடு நன்றாகத் தெரிந்தது. நாற்பது மீட்டர் அகழியும் முப்பத்தெட்டு மாதிரிகளும் அண்டை உரிமக்காரருக்குச் சொந்தமான பாறையிலிருந்து வந்தவை. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அகழியை மூடிக்கொடுத்தோம். களத்தில் இறங்கும் முதல் காலையிலேயே உரிமத்தின் ஒரு மூலையை ஆலோசகரோடு நடந்து போய்ப் பாருங்கள். எந்த அளவை முறையில் குறிக்கிறார் என்பதை மாதிரிப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

களத்துக்குப் போகும் முன் கெய்ட்டாவில் உள்ள சுரங்க ஆணைய அலுவலகத்திலும் மாவட்ட நிர்வாகத்திடமும் தெரிவித்து, கிராம அலுவலகத்தில் விருந்தினர் ஏட்டில் கையெழுத்திடுங்கள். உரிமத்தின் நகல், அறிமுகக் கடிதம், கடவுச்சீட்டின் நகல் ஆகியவற்றை ஐந்தைந்து படிகள் வைத்திருங்கள். உரிமம் இருந்தாலும் பயிர் நிலத்தில் அகழி வெட்ட உழவரின் சம்மதமும் இழப்பீடும் வேண்டும். உரிமப் பரப்பில் வனக்காப்பு நிலம் இருந்தால் வனத்துறையின் அனுமதி தனி. அதற்குக் காலம் பிடிக்கும்.

6. மாதிரியும் ஆய்வகமும்

உள்ளூர்க் குழிகளில் வேலை செய்வோர், பளபளக்கும் கல்லைப் பொறுக்கி உங்கள் கையில் தருவார்கள். அதில் டன்னுக்கு 40 கிராம் தங்கம் வந்தாலும் வியப்பில்லை. அதை வைத்துக் கணக்குப் போடுவதுதான் மிகப் பெரிய பொறி. 300 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 50 மீட்டர் ஆழம், அடர்த்தி கன மீட்டருக்கு 2.7 டன் என்று வைத்தால் 81,000 டன் பாறை. 40 கிராம் என்று பெருக்கினால் 3,240 கிலோ தங்கம் என்று தாளில் வரும். நரம்பின் முழு அகலத்திலும் வெட்டி எடுத்த மாதிரிகளின் சராசரி 2 கிராம் என்றால் 162 கிலோதான். இரண்டுக்கும் இருபது மடங்கு வேறுபாடு, பாறை ஒன்றே. மேலும் அந்த நீளமும் ஆழமும் துளை போட்டுப் பார்க்காதவரை வெறும் ஊகமே.

ஆகவே பொறுக்கிய கல்லுக்கும், நரம்பின் குறுக்கே ஒரே அகலத்தில் வாய்க்கால் போல வெட்டிய மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கையில் தேடுங்கள். இருபது மாதிரிக்கு ஒன்று வீதம் தங்கமே இல்லாத வெற்று மாதிரியும், மதிப்பு முன்பே தெரிந்த சான்று மாதிரியும், ஒரே இடத்தில் இரண்டாவதாக எடுத்த இரட்டை மாதிரியும் இடையில் நுழைக்கப்பட்டிருக்க வேண்டும். வெற்று மாதிரியில் தங்கம் காட்டினால் எங்கோ கலப்பு நடந்திருக்கிறது. அந்தத் தொகுதி முழுவதையும் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

பைகளை உங்கள் கண்முன் எண்ணிட்ட முத்திரை கொண்டு கட்டச் செய்து, எண்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ம்வான்சாவில் வணிக ஆய்வகங்கள் உள்ளன; நீங்கள் அமர்த்தியவரோ நீங்களோ வண்டியில் கூடவே போய் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். உரிமம் விற்பவரின் வீட்டில் ஓர் இரவுகூட மாதிரிகள் தங்கக் கூடாது. தங்கத்துக்கு, மாதிரியில் 50 கிராமை உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் சோதனை வழக்கமானது. கண்ணுக்குத் தெரியும் தங்கம் இருந்தால் சல்லடையில் சலித்து உருக்கும் சோதனையையும் கேளுங்கள். எங்களுக்கு மாதிரி ஒன்றுக்கு 18 டாலர் ஆனது; முடிவு வர மூன்று வாரம். மாதிரிகளை நாட்டுக்கு வெளியே அனுப்புவதானால் ஆணையத்தின் ஏற்றுமதி அனுமதி முன்னதாகவே வேண்டும்.

7. துளையிடல்

அகழி மாதிரிகள் நம்பிக்கை அளித்த பிறகே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள். செலவு இங்கேதான் பெருகுகிறது. காற்றழுத்தத்தால் பாறைத் துகளை மேலே கொண்டுவரும் ஆர்.சி. துளைக்கு எங்களுக்கு மீட்டருக்கு 75 முதல் 110 டாலர் வரை சொன்னார்கள்; பாறையை முழுத் தண்டாக எடுக்கும் வைரமுனைத் துளைக்கு அதன் இரு மடங்கு. 80 மீட்டர் ஆழத்தில் இருபது துளைகள் என்றால் 1,600 மீட்டர். மீட்டர் 90 டாலர் வீதம் 1,44,000 டாலர். மீட்டருக்கு ஒன்றாக 1,600 மாதிரிகளும், சரிபார்ப்பு மாதிரிகள் 240ம் சேர்ந்து, சோதனைக்கு மட்டும் ஏறத்தாழ 33,000 டாலர். துளைப்பொறியைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு தனி.

துளையிடும் நாட்களில் நிலவியலாளர் பொறியின் அருகிலேயே இருக்க வேண்டும். மாதிரியைப் பிரிக்கும் சட்டகத்தை ஒவ்வொரு மீட்டருக்கும் சுத்தம் செய்கிறார்களா, துகள் ஈரமாக வருகிறதா என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே ஈரமாக வரும் துகளில் தங்கம் மேலிருந்து கீழே இழுபடும். அந்த மாதிரிகளை நம்பிக் கணக்கிட முடியாது.

8. அறிக்கையைப் படிப்பது

பின்னாலிருந்து படியுங்கள். கையெழுத்து, உறுப்பினர் எண், பொறுப்பேற்பு ஒப்புதல், களத்துக்கு அவர் வந்த தேதி ஆகியவை முதலில். ஜோர்க் அறிக்கையில் முதல் அட்டவணை என்ற பகுதி இல்லையென்றால் அது ஜோர்க் அறிக்கையே அல்ல. ஊகிக்கப்பட்ட வளம், சுட்டப்பட்ட வளம், அளவிடப்பட்ட வளம் ஆகிய மூன்றும் நம்பகத்தின் படிகள். ஊகிக்கப்பட்ட வளத்தைச் சுரங்க இருப்பாக, அதாவது லாபத்தோடு வெட்டி எடுக்கத்தக்க அளவாக, மாற்ற நெறிமுறை இடம் தருவதில்லை. “ஆய்வு இலக்கு” என்று தரப்படும் எண் வளமே அன்று. அதன் பேரில் விலை பேசாதீர்கள்.

வருமானக் கணக்கு இருந்தால் அதில் தங்கத்துக்கான 6 சதவீத உரிமைத் தொகையும் (ராயல்டி), 1 சதவீத அரசுப் பரிசோதனைக் கட்டணமும், சுரங்க உரிமம் பெறும் நிறுவனத்தில் அரசுக்குச் செலவின்றித் தரவேண்டிய குறைந்தது 16 சதவீதப் பங்கும் கழிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். எங்கள் முதல் அறிக்கையில் மூன்றும் இல்லை.

9. சுரங்க உரிமத்தை நோக்கி

முடிவுகள் நன்றாக வந்து பங்கு வாங்குவதானால், உரிம மாற்றத்துக்கு ஆணையத்தின் ஒப்புதலும் வருவாய் ஆணையத்தின் வரித் தீர்வுச் சான்றும் வரும்வரை முழுப் பணத்தையும் விற்பவரிடம் தராதீர்கள். வழக்கறிஞரின் பொறுப்புக் கணக்கில் வையுங்கள். சுரங்க உரிமத்துக்குச் சாத்தியக்கூற்று ஆய்வு, நிதித் திட்டம், உள்ளூர்ப் பங்களிப்புத் திட்டம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். தாக்க மதிப்பீட்டைச் செய்பவர் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மை அமைப்பில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். பதிவில்லாதவர் எழுதியதைப் பரிசீலனைக்கே எடுக்கமாட்டார்கள். மழைக்காலத்தின் நீர்நிலையும் கோடையின் நீர்நிலையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டியிருப்பதால், துளையிடல் முடியும்வரை காத்திராமல், முதல் துளை போடும் மாதத்திலேயே அவரை அழைத்து ஊற்றுகளையும் கிணறுகளையும் அளக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.